ஈவுத்தொகையும் இரும்பின் வயதும்

தவறாமல் ஈவுத்தொகை தரும் கம்பெனி நல்ல கம்பெனி. தராத கம்பெனி ஐயத்துக்குரியது. வணிகவியல் படிக்கும் நம்மில் பலருக்கும், கைச்சேமிப்பைப் பங்கில் போட்டிருக்கும் பெரியவர்களுக்கும் இந்த எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. தேர்வில் வால்ட்டர், கார்டன் ஆகியோரின் சூத்திரங்களை எழுதி, ஈவுதான் பங்கின் விலைக்கு அடிப்படை என்று நிறுவுகிறோம். அடுத்த வினாவிலேயே, ஈவு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பங்கின் மதிப்பு மாறாது என்று மில்லரும் மோதிலியானியும் 1961-இல் வாதிட்டதையும் எழுதி மதிப்பெண் பெறுகிறோம். இரண்டும் எப்படி ஒரே தாளில் சரியாக முடியும் என்று கேட்பதில்லை. அதைக் கேட்டுப் பார்ப்பதே என் நோக்கம். அதற்கு, அமெரிக்காவில் கட்டட இயந்திரங்களை வாடகைக்கு விடும் இரண்டு கம்பெனிகளின் பங்கு வரலாற்றை எடுத்துக்கொள்கிறேன்.

ஏன் வாடகைக் கம்பெனி? கல்யாணத்துக்கு அண்டா குண்டா வாடகைக்கு எடுப்பதை நாம் அறிவோம். தொழில் அதேதான். அண்டாவுக்குப் பதில் மண்வாரி, கிரேன், ஆட்களை உயரே தூக்கும் மேடை. ஆனால் அண்டா பேரன் காலம் வரை உழைக்கும். மண்வாரி சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும். ஆகவே வாடகையாக வரும் ஒவ்வொரு டாலரிலும் ஒரு பகுதி இயந்திரத்துக்கே சொந்தம். தேய்மானம் என்பதைக் கணக்குப் பதிவியலில் ஒரு வரியாகப் பார்த்தே பழகிவிட்டோம். இந்தத் தொழிலில் அது முற்றத்தில் நின்று துருப்பிடிக்கும் இரும்பு. அதற்குரிய பணத்தை எடுத்து ஈவாகக் கொடுத்தால், கொடுத்தது இலாபமன்று, முதல்.

முதற் கம்பெனி எச் அண்ட் இ எக்விப்மென்ட் சர்வீசஸ். லூசியானா மாநிலத்தின் பேட்டன் ரூஜ் நகரில் தலைமையகம். 1961-இல் தொடங்கிய ஒரு கம்பெனியும் மேற்குப் பகுதியைச் சேர்ந்த இன்னொரு கம்பெனியும் 2002-இல் இணைந்து உருவானது. 2006-இல் பங்கு ஒன்று 18 டாலர் வீதம் பொதுமக்களுக்கு விற்று, நாஸ்டாக் சந்தையில் இடம்பெற்றது. முதல் சில ஆண்டுகள் ஈவு இல்லை. பிறகு 2012-இல் ஒரே அடியாகப் பங்குக்கு 7 டாலர் சிறப்பு ஈவு!

பங்குதாரர்கள் மகிழ்ந்திருப்பார்கள். ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? கம்பெனி அப்போது 53 கோடி டாலருக்குப் புதிய கடன் பத்திரங்களை விற்றது. பழைய கடனை அடைத்தது போக மீதியிலிருந்து வந்ததுதான் அந்த 7 டாலர். கடன் வாங்கி விருந்து வைக்கும் வீட்டை நாம் என்ன சொல்லுவோம்? வட்டி குறைவாயிருக்கும் காலத்தில் வாங்குவது கெட்டிக்காரத்தனம் என்று கூறுவாரும் உளர். இருக்கலாம். ஆனால் அந்த வட்டியையும் நாளைய வாடகையிலிருந்துதான் கட்டியாக வேண்டும். ஆதலால் அந்த ஈவை நான் மெச்ச மாட்டேன்.

நான் மெச்சுவது அதற்குப் பின் வந்ததை. 2014 முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 25 சென்ட், மறு ஆண்டில் அது 27.5 சென்ட். அதன் பின் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கொள்ளை நோய்க் காலமான 2020-இல் கம்பெனி நட்டக் கணக்குக் காட்டியது; அப்போதும் 27.5 சென்ட் நிற்கவில்லை. இது எப்படி முடிந்தது என்பது நம் பாடநூல் விளக்காத ஒன்று. வேலை குறைந்தால் இத்தகைய கம்பெனி புது இயந்திரம் வாங்குவதை நிறுத்திவிடும். பழையவற்றில் சிலவற்றை விற்கும். கணக்கில் நட்டம் இருந்தும் கையில் ரொக்கம் சேரும். ஈவு கொடுப்பது ரொக்கத்திலிருந்துதானே தவிர, இலாப நட்டக் கணக்கிலிருந்து அன்று. ஆனால் புதியது வாங்காத ஒவ்வொரு மாதமும் இருக்கிற இயந்திரங்களுக்கு ஒரு மாதம் வயது கூடுகிறது. இளமையான இயந்திரங்களை வைத்திருந்த கம்பெனி ஆதலால் எச் அண்ட் இ அதைத் தாங்கிக்கொண்டது. கிழட்டு இயந்திரங்களை வைத்திருப்பவன் அதே ஈவைக் கொடுத்திருந்தால் அது வேறு கதை. ஈவு விகிதத்தை மட்டும் பார்ப்பவர்க்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும்!

2006-இல் 18 டாலர் போட்டவருக்கு, 2024 முடிய, சிறப்பு ஈவையும் சேர்த்துக் கூட்டினால் போட்ட தொகை ஏறக்குறைய முழுவதும் ஈவாகவே திரும்பியிருக்கிறது. பங்கு அவர் கையில் அப்படியே இருந்தது.

இரண்டாவது, யுனைடெட் ரென்டல்ஸ். பிராட்லி ஜேக்கப்ஸ் என்பவர் 1997-இல் தொடங்கி, அதே ஆண்டு டிசம்பரில் பங்கு ஒன்று 13.50 டாலர் வீதம் விற்றார். சிறு சிறு வாடகைக் கடைகளை வரிசையாக வாங்கி, அமெரிக்காவின் பெரிய வாடகைக் கம்பெனியாக இது வளர்ந்தது. 2012-இல் ஆர்.எஸ்.சி., 2022-இல் ஆஹெர்ன் என்று வாங்கிக்கொண்டே போயிற்று. சாதாரணப் பங்குக்கு ஈவு? 2023 வரை ஒரு சென்ட்கூட இல்லை. கால் நூற்றாண்டுக்குப் பின், 2023 பிப்ரவரியில் முதன்முதலாக 1.48 டாலர் கொடுத்தது. காலாண்டு ஈவு 2024-இல் 1.63 ஆகவும் 2025-இல் 1.79 ஆகவும் உயர்ந்தது. மூன்று ஆண்டு ஈவைக் கூட்டினால் 19.60 டாலர், முதல் நாள் கொடுத்த விலையை விட அதிகம். பங்கின் விலையோ 2024-இல் 700 டாலரைத் தாண்டியது. (பங்கைத் திரும்ப வாங்கும் கம்பெனிகள் மீது 2023 முதல் அமெரிக்க அரசு ஒரு விழுக்காடு வரி விதித்தது. ஈவுப் பக்கம் கம்பெனியின் மனம் திரும்பியதற்கு அதுவும் ஒரு காரணமாயிருக்கலாம் என்பது என் ஊகம்.)

மில்லர், மோதிலியானி கட்சியார் இங்கே கைதட்டுவார்கள். பணம் வேண்டியவன் தன் பங்கில் சிலவற்றை விற்று, தானே தனக்கு ஈவு கொடுத்துக்கொள்ளலாமே என்பது அவர்கள் வாதம். காகிதத்தில் குற்றம் காண முடியாத வாதம்தான். ஆனால் நடுவில் உள்ள ஆண்டுகளைப் பாருங்கள். 2007 ஜூலையில் செர்பரஸ் என்னும் முதலீட்டு நிறுவனம் பங்குக்கு 34.50 டாலர் கொடுத்துக் கம்பெனியையே வாங்க ஒப்புக்கொண்டது, நவம்பரில் பின்வாங்கியது. வழக்கு டெலவேர் நீதிமன்றம் சென்று செர்பரசுக்குச் சாதகமாக முடிந்தது. 2008-இல் கம்பெனி 22 டாலர் வீதம் சுமார் 2 கோடியே 70 இலட்சம் தன் பங்குகளையே வாங்கி, 60 கோடி டாலர் அளவுக்குச் செலவிட்டது. 2009 மார்ச்சில் அதே பங்கின் விலை 3 டாலர் அளவுக்கு இறங்கிவிட்டது.

இப்போது சொல்லுங்கள்: ஓய்வு பெற்ற ஒருவர், மருந்துச் செலவுக்காக அந்த மார்ச்சில் பங்கை விற்கப் போனால்? செர்பரஸ் ஒரு பங்குக்குத் தருவதாகச் சொன்ன பணத்தைப் பெற அவர் பதினொரு பங்குக்கு மேல் விற்றாக வேண்டும். விற்ற பங்குகளோடு 2024-இன் 700 டாலரும் போயிற்று. காத்திருக்க வசதி உள்ளவனுக்கே அந்தப் பங்கு பொன்னாயிற்று. ஈவின் பயனைச் சூத்திரங்களுக்குள் தேடுவோர் இந்த மனிதரை மறந்துவிடுகிறார்கள். சந்தை படுத்த நாளில் பங்கை விற்காமல் இருக்க ஒருவனுக்கு வலிமை தருவதே ஈவு என்பது என் துணிவு. கால் நூற்றாண்டு அதை மறுத்த யுனைடெட் ரென்டல்ஸ், தன் எளிய பங்குதாரர்களில் எத்தனை பேரை வழியிலேயே இறக்கிவிட்டதோ!

இதனால் எல்லாக் கம்பெனிகளும் ஈவு தரவேண்டும் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டா. இரும்புக்குரியதை இரும்புக்குக் கொடுத்த பின்னும் மிஞ்சுமானால் கொடுக்கட்டும். அது மிஞ்சாத ஆண்டில் கடன் வாங்கிக் கொடுக்க வேண்டா. ஆண்டறிக்கையில் ஈவு விகிதத்தைத் தேடும் நம் கண், இயந்திரங்களின் சராசரி வயது இத்தனை மாதம் என்று வேறொரு பக்கத்தில் அச்சிட்டிருப்பதையும் தேட வேண்டும். நமது பேராசிரியர்கள் அந்தப் பக்கத்தையும் ஒரு வினாவாகக் கேட்டால் மாணவர்கள் நாங்கள் நன்றியுடையோம்.

இவ்விரு கம்பெனிகளும் 2025-இல் ஒன்றையொன்று சந்தித்தன. ஜனவரியில் யுனைடெட் ரென்டல்ஸ் பங்குக்கு 92 டாலர் ரொக்கம் கொடுத்து எச் அண்ட் இ-யை வாங்க முன்வந்தது. மறு மாதமே ஹெர்க் என்னும் மூன்றாவது வாடகைக் கம்பெனி அதிக விலை சொல்லித் தட்டிக்கொண்டு போயிற்று. ஒப்பந்தம் முறிந்ததற்கு ஈடாக யுனைடெட் ரென்டல்சுக்கு 6 கோடி டாலருக்கு மேல் கிடைத்தது, வாங்காமலே வரும்படி! ஜூனில் எச் அண்ட் இ-யின் பங்கு சந்தையிலிருந்து மறைந்தது. பழைய பங்குதாரருக்கு ஒரு பங்குக்கு 78.75 டாலர் ரொக்கமும் 0.1287 ஹெர்க் பங்கும் கிடைத்தன. ஹெர்க்கின் காலாண்டு ஈவு அவ்வாண்டு 70 சென்ட். பெருக்கிப் பார்த்தால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 27.5 சென்ட் வாங்கி வந்தவருக்கு இனி 9 சென்ட். ரொக்கத்தை எங்கே போடுவது என்பது அவர் கவலை.