குடுப்பியா, குடுப்பீங்களா

பேரம் பேசுவது சந்தைப் பழக்கம், அதில் சாதி எங்கே வந்தது என்று கேட்கிறார்கள் தோழர்கள். மாமல்லபுரத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பார்த்ததை மட்டுமல்ல, செய்ததையும்.

எனக்கு ஊர் குன்றாண்டார்கோவில். மலையைக் குடைஞ்ச கோயிலும், குதிரை பூட்டின தேர் மாதிரி ஒரு கல் மண்டபமும் உள்ள ஊர். அதைப் பார்த்தே வளர்ந்தவனுக்கு மாமல்லபுரத்துக் கல் ரதங்களையும் பார்க்க ஆசை. போனேன். உள்ளே போக இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 என்று 2018-ல் தொல்லியல் துறை உயர்த்திய கட்டணம். ‘முப்பதுக்கு விடுவியா’ன்னு வரிசையில ஒருத்தனும் கேக்கலை.

சிற்பக் கடையில் கேட்டார்கள். ஆனால் எப்படி? ‘ஐயா, கொஞ்சம் கொறைச்சுக் குடுப்பீங்களா?’ அந்த ஊர்க் கற்சிற்பம் 2017-ல் புவிசார் குறியீடு வாங்கியது. கல் செதுக்குகிற கைக்கு மரியாதை வேணும்தான். அதை நான் குறை சொல்லலை.

கடற்கரைக்குப் போகிற பாதையில் ஒரு நரிக்குறவர் அம்மா பாசிமணி விரிச்சு உக்காந்திருந்தாங்க. எங்க ஆத்தா வயசு. ‘வாங்க சாமி, நூறு ரூவா’ன்னாங்க. என் வாயிலேருந்து வந்தது: ‘அம்பதுக்குக் குடுப்பியா?’

விலையைப் பாதியாக்கின அதே மூச்சில் ஆளையும் பாதியாக்கிட்டேன்.

இந்த ‘குடுப்பியா’ எனக்குத் தெரியாததா? எங்க அப்பாயி பனையோலையில பெட்டி முடையும். ஊர்த்தெருப் பொடியன் சேரிக்குள்ள வந்து, ‘ஏய், பெட்டி முடிச்சிட்டியா’ன்னு கேப்பான். ‘ஆச்சு சாமி’ன்னு சொல்லும் கெழவி. களத்துல அளந்து போடற நெல்லுதான் கூலி. எவ்வளவுன்னு அளக்கிறவன்தான் சொல்லுவான். அங்கே பேரமே கிடையாது. எங்க கைவேலைக்கு விலைன்னு ஒண்ணு இருந்தாத்தானே பேரம்?

பேரம் என்பது சமமான ரெண்டு பேர் பேசுகிற பேச்சு. வாங்காமல் போக உனக்கு முடியும். விற்காமல் போக அவனுக்கும் முடியணும். ராத்திரி அரிசிக்காக விக்கிறவங்ககிட்ட அம்பது ரூபாய் கொறைக்கிறதுக்குப் பேரம்னா பேரு? பறிப்பு.

இதே மாமல்லபுரத்தில் 2021 அக்டோபரில், கோயில் அன்னதானப் பந்தியில் உட்கார விடாமல் ஒரு நரிக்குறவர் பெண்ணைத் துரத்தினார்கள். அவர் பேசியது நாடெல்லாம் பரவிய பிறகு, அமைச்சர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். நவம்பர் 4-ல் முதலமைச்சர் பூஞ்சேரிக்கே போய்ப் பட்டா கொடுத்தார். 2023 ஜனவரியில் நரிக்குறவர்கள் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்தார்கள். சட்டம் மாறியது. பந்தியில் துரத்தினவனை நாமெல்லாம் சேர்ந்து திட்டினோம். மணலில் நின்னு ‘குடுப்பியா’ன்னு கேக்கிற நாம யாரு?

நூறு ரூபாயையும் கொடுத்தேன். அதில் பெருமை ஒண்ணுமில்லை. ‘மன்னிச்சிருங்கம்மா’ன்னேன். ‘எதுக்கு சாமி?’ன்னு கேட்டாங்க. அதுதான் இன்னும் சுடுது. நான் பேசினது தப்புன்னே அவங்களுக்குப் படலை. அப்படிப் படாத அளவுக்கு எத்தனை வாய் அவங்களை அப்படிக் கூப்பிட்டிருக்கும்! எங்க அப்பாயிக்கும் படலை.

தோழர்களே, சாதி எங்கே வந்தது என்று கேட்டீர்களே. விலை பேசும் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது, நம்ம வினைச்சொல்லின் வாலில். மேடையில் விடுதலை பேசுகிற நாம் முதலில் அதை வெட்டுவோம்.