75 ஆண்டு உறங்கிய எமன்!

ரஷ்யாவின் வடகோடியில் உள்ளது யமால். 2016-ம் ஆண்டு கோடையில் அங்கே 2 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பனிமான்கள் செத்து விழுந்தன. 12 வயதுச் சிறுவன் ஒருவனும் மாண்டான்.

காரணம், "அடைப்பான்" நோய். அங்கே அது அதற்கு முன் வந்தது 1941-ல்! இத்தனை காலம் கிருமி எங்கே இருந்தது?

முன்பு செத்த மான்களோடு உறைபனி மண்ணுக்குள் கிடந்தது. வெயிலில் பனி உருகவே வெளியே வந்தது என்கிறார்கள் அறிஞர்கள்.

அறுக்கலாமா?

கூடாது! அறுக்காத உடலில் கிருமி அழுகலோடு அழிந்துவிடும். அறுத்தால் ரத்தம் சிந்தும். காற்றுப் பட்ட கிருமி, கெட்டியான ஓடு கட்டிக்கொள்ளும். பிறகு எளிதில் சாகாது. பல்லாண்டு மண்ணில் காத்திருக்கும்.

ஆகவே, திடீரென்று செத்த மாட்டின் தோலுக்கு ஆசைப்படக்கூடாது. கால்நடை மருத்துவரிடம் சொல்லி, உடலை எரிப்பதே மேல். யமாலிலும் முடிவில் எரித்தார்கள்.