சொந்தம் விட்டுப்போகக் கூடாதாம்!

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று மதுரையைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் இதே பேச்சுதான். ‘அக்கா மக இருக்கையில அசல்ல எதுக்குப் பொண்ணு?’ ‘மொறமாமன் இருக்கான், வேற எவனுக்குக் குடுப்ப?’ பொண்ணுக்குப் புடிச்சிருக்கான்னு கேக்க நாதியில்லை. சடங்குக்குத் தாய்மாமன் கொண்டுவரும் சீரோடு அவள் வாழ்க்கையும் பேசி முடிக்கப்படுகிறது.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 28 பேர் ரத்த உறவில் கட்டிக்கொடுக்கப்பட்டவர்கள். இந்திய அளவில் இது 11தான். இதில் சேரியும் உண்டு, ஊரும் உண்டு.

பங்காளி வீட்டில் பெண் எடுத்தால் குலநாசம் என்கிறோம். சித்தப்பன் மகள் தங்கச்சி; மாமன் மகள் பொண்டாட்டி. மரபணுவுக்கு இந்த மொறையெல்லாம் தெரியாது தோழர்களே! ரெண்டு பேரோடும் நமக்கு எட்டில் ஒரு பங்கு பொது. அக்கா மகளோடு நாலில் ஒரு பங்கு. பழுதான ஒரே மரபணு புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரிடமும் மறைந்து கிடந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் பிள்ளைக்கு அந்த நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. பிறவியிலேயே காது கேளாமை, பார்வையைத் தின்னும் விழித்திரை நோய், தலசீமியா எல்லாம் இப்படி வருவதுண்டு. பெரும்பாலான பிள்ளைகள் நல்லபடியாகத்தான் பிறக்கின்றன. ஆனால் பிறவிக் குறைபாடு அசலில் நூற்றுக்கு 2, 3 என்றால், மாமன் மகள், அத்தை மகன் கல்யாணத்தில் அது ஏறக்குறைய இரட்டிப்பு. தாய்மாமன் கல்யாணத்தில் இன்னும் கூடுதல்.

1955 இந்து திருமணச் சட்டம் மாமன் – மருமகள் கல்யாணத்தைத் தடுக்கிறது. ‘வழக்கம்’ இருந்தால் மட்டும் விட்டுவிடுகிறது. வழக்கமாம்! தீண்டாமையும் வழக்கம்தானே?

அகமணமே சாதியின் உயிர் என்று 1916லேயே சொன்னார் அம்பேத்கர். சாதி போட்ட வேலிக்குள் இன்னும் சின்னதாய் ஒரு வேலிதான் இந்தச் சொந்தம். நிலம் வச்சிருக்கிறவன் சொத்து வெளியே போகாமல் காக்கிறான். அரைக்காணி இல்லாத நாம் எதைக் காக்கிறோம்? வேலியைத் தாண்டிக் கட்டியதற்காக 2016இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கரை வெட்டிக் கொன்றார்கள். நம்மைக் கொல்லும் அதே ரத்தப் பெருமையை நம் வீட்டுக்குள் சீராட்டலாமா?

பிள்ளை பேசாவிட்டால் குத்தம் யாருக்கு? ‘இவ ராசி’, ‘இவ சாபம்’ என்று தாய் தலையில்தான் விடிகிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால், ‘சொந்தத்துல கட்டுனியா? அனுபவி’ என்று அங்கேயும் அவளுக்கே ஏச்சு. அவளை யார் கேட்டுக் கட்டினார்கள்? கர்ப்பிணியின் ரத்தசோகையை, சத்தில்லாத சோற்றை, எட்டாத மருத்துவத்தைச் ‘சொந்தம்’ என்ற ஒத்தைச் சொல்லால் மூடி மறைக்கவும் அரசை விடக்கூடாது. பிறந்த பிள்ளைக்குச் சிகிச்சையும் படிப்பும் உரிமை, பிச்சை அல்ல.

ஏற்கெனவே கட்டியவர்களை ஏசாதே. மரபணு ஆலோசனைக்கு அனுப்பு. பிறந்த குழந்தைக்கு உடனே காதைச் சோதி. இனிமேல் கட்டப்போகிறாயா? அக்கா மகளை விடு. அவள் படிக்கட்டும். அவளுக்குப் பிடித்தவன் எந்தத் தெருவில் இருந்தாலும், எந்தச் சாதியில் இருந்தாலும் முதல் மாலையைத் தாய்மாமன் நீயே எடுத்துக் கொடு. சீர் என்றால் அதுதான் சீர்!