ஆறு மணிக் குருவி அரிசி தின்னாது

மார்கழி பிறந்தால் செம்பாக்கத்தில் பல வீட்டு மாடிச் சுவர்களில் ஒரு கைப்பிடி அரிசியோ கம்போ இருக்கும். முதலில் காகம். பின்னாலேயே மைனா, தவிட்டுக்குருவிக் கூட்டம், கூடவே அணில். புறா வந்துவிட்டால் மற்றவர்களுக்கு மிச்சமில்லை! ராயப்பேட்டையில் கேமரா பழுதுபார்த்துவந்த ஜோசப் சேகர், மாடியில் பலகை போட்டு ஊறவைத்த அரிசியைப் பரப்ப, ஆயிரக்கணக்கில் கிளிகள் வந்ததை ஊரே வேடிக்கை பார்த்தது.

ஆனால் குளிர்காலத்துக்கென்றே வடக்கிலிருந்து வருகிறவர்கள் இந்தத் தட்டை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஆறுமணிக்குருவியையே எடுத்துக்கொள்ளுங்கள். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, மழைக்காலம் முடிகிற நேரத்தில் தெற்கே இறங்கி இலங்கை வரை போகும். பச்சை முதுகு, நீலத் தோள், வயிற்றடியில் சிவப்பு, குட்டை வால். காலை, மாலை ஆறு மணி வாக்கில் இரட்டை விசில் அடிப்பதால் அந்தப் பெயர். இதற்கு வேண்டியது பூச்சியும் மண்புழுவும். மரத்தடிச் சருகைப் புரட்டிப் புரட்டித்தான் தின்னும். ஈப்பிடிப்பான், பழுப்புக் கீச்சான், கதிர்குருவி எல்லாமே பூச்சிக் கட்சிதான்.

நாமோ அந்தச் சருகைத்தான் குப்பை என்று கூட்டி, போகியன்று கொளுத்துகிறோம். கொல்லைப்புறத்துக்கும் சிமென்ட் போட்டாயிற்று. பிறகு குருவியே வருவதில்லை என்று குறை வேறு. மா, கொய்யா மரத்தடியில் நாலு முழ இடத்தைக் கூட்டாமல் விட்டாலே போதும். பக்கத்தில் மண் தட்டில் தண்ணீர். கொசு வராமல் தினமும் மாற்ற வேண்டும். மிச்சமான மிக்சரும் உப்புப் போட்ட சாதமும் வேண்டவே வேண்டாம்.

2015 முதல் பொங்கலையொட்டி நான்கு நாள் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. கொல்லையில் 15 நிமிடம் நின்று, கண்டதை எண்ணி ஈபேர்ட் செயலியில் பதிந்தால் போதும். கணுப்பொங்கல் காகமும் கணக்கில் சேரும்.

பறந்து களைத்த ஆறுமணிக்குருவி சில சமயம் ஜன்னல் கண்ணாடியில் மோதி விழும். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில், இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். தெளிந்ததும் செடி மறைவில் திறந்துவிட்டால் தானே போய்விடும்.