தடியும் பந்தும்

நாய் என்னுஞ் சொல்லை நம்மவர் பெரும்பாலும் வசைச்சொல்லாகவே வழங்குகின்றனர். நம் முன்னோர் அதனை அவ்வளவு எளிதாக எண்ணினாரல்லர். ஞமலி, ஞாளி, சுணங்கன், குக்கல் எனப் பல பெயரிட்டு அழைத்தனர். யானையை ஒத்தாரின் நட்பை ஒழித்து நாயை ஒத்தாரின் நட்பைக் கொள்ளுமாறு நாலடியார் அறிவுறுத்துகின்றது. நெடுநாட் பழகிய பாகனையே யானை கொல்லும். தன்மேல் எறிந்த வேல் உடம்பிலே தைத்திருக்கவும் நாய் வாலாட்டும் என்பது அந்நூல் காட்டுங் காரணம். இத்தகைய பிராணிக்கு நாம் கற்பிக்கும் முறை யாது? தடியெடுப்பதே. ‘அடியாத மாடு படியாது’ என்ற பழமொழியை மாட்டுக்கும் நாய்க்கும் பள்ளிப்பிள்ளைக்கும் ஒருங்கே பொருத்திவிட்டோம். அப்பழமொழி எவ்வளவு தூரம் மெய்யென்று ஆராய்வதற்கு ஒரு விளையாட்டு நமக்குத் துணைசெய்கின்றது.

அவ்விளையாட்டின் பெயர் ‘பிளைபோல்’. 1960களின் பிற்பகுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உருப்பெற்றது. நான்கு நாய்கள் சேர்ந்தது ஓரணி. 51 அடி நீளமான ஓடுபாதையிற் பத்தடிக்கொன்றாக நான்கு தடைகள் நிற்கும். ஈற்றில் ஒரு பெட்டி இருக்கும். நாய் தடைகளைத் தாண்டி ஓடிப் பெட்டியின் சாய்ந்த முகப்பை மிதித்தால், உள்ளிருந்து டென்னிஸ் பந்தொன்று துள்ளி வெளிப்படும். அதனைக் கவ்விக்கொண்டு மீண்டுந் தடைகளைத் தாண்டி வந்து சேர்ந்ததும் அடுத்த நாயின் முறை. தேர்ந்த அணிகளுக்கு இவ்வளவுக்கும் 20 விநாடி போதும்; மிகச் சிறந்த சில அணிகள் 15 விநாடிக்குள்ளேயே முடித்திருக்கின்றன. இதில் ஒரு விதி என் உள்ளத்தைப் பெரிதுங் கவர்ந்தது. தடைகளின் உயரம், அணியிலுள்ள மிகக் குட்டையான நாயின் அளவைக் கொண்டே வரையறுக்கப்படும்.

கற்பிக்கும் முறையோ அதனினும் சிந்திக்கத்தக்கது. பயிற்றுவோர் பலர் பாடத்தைக் கடைசியிலிருந்து தொடங்குகின்றனர். வீடு திரும்பும் வழியிலுள்ள கடைசித் தடை ஒன்றை மட்டும் தாண்டி எசமானிடம் ஓடிவர நாய் முதலிற் பழகும். பின்னர் இரண்டு, அதன்பின் மூன்று. பெட்டியிலே திரும்புவது தனிப்பாடம். நீச்சல்வீரன் குளத்துச் சுவரை உதைத்துத் திரும்புவதுபோல நான்கு காலாலும் மிதித்துப் பக்கவாட்டில் திரும்பினால் தோள்மூட்டுக்கு ஊறு நேராது. ஒவ்வொரு படியையுஞ் செவ்வனே செய்தவுடன் ஒரு துண்டு இறைச்சியோ, கயிறிழுக்கும் விளையாட்டோ பரிசாகும். பிழைத்தால் அடியில்லை, பாடத்தை எளிதாக்கி மறுபடியும் முயல்வர். ஓடிவந்தால் அடிவிழும் என்று அஞ்சும் நாய் எசமானை நோக்கி முழுவேகத்தில் எங்ஙனம் ஓடிவரும்? உடனுக்குடன் பரிசு பெற்ற செயலைப் பிராணி மீண்டுஞ் செய்யும் என்பதை ஸ்கின்னர் என்னும் உளவியலறிஞர் 1951ஆம் ஆண்டிலேயே பொதுமக்களுக்கு விளங்கும்படி எழுதிவைத்தார்.

இஃது அயல்நாட்டார் வேடிக்கை என்று ஒதுக்குவார்க்கு நம் கண்டிமாநகரத்தையே காட்டுவேன். 1948ஆம் ஆண்டிலே தொடங்கிய பொலிஸ் மோப்பநாய்ப் பிரிவின் தலைமையகம் அஸ்கிரியவில் இருக்கின்றது. போதைப்பொருளையும் வெடிமருந்தையும் மோப்பம் பிடிக்கும் தொழிலும் உலகெங்கணும் விளையாட்டாகவே நாய்க்குப் புகட்டப்படுகின்றது. நாய்க்கு வெடிமருந்தென்றால் என்னவென்று தெரியுமா? அதனைக் கண்டுபிடித்தாற் பந்து கிடைக்கும் என்பதே அதற்குத் தெரியும். மனிதருயிர் காக்கும் அரும்பணி ஒரு பந்தின் மீதுள்ள ஆசையால் நிறைவேறுகின்றது.

ஆதலால் பேராதனையின் புல்வெளிகளில் இவ்விளையாட்டைத் தொடங்கலாகாதா என்று கேட்கின்றேன். மிருக வைத்தியர்களை உருவாக்கும் பீடம் இங்கே இருக்கின்றது. கலகா சந்தியிலும் பல்கலைக்கழக வழிகளிலும் படுத்துறங்கும் நாய்களும் குறைவில்லை. மரப்பலகைகளாலே தடை செய்துகொள்ளலாம். ஒரு வயது நிரம்பாத குட்டியைப் பந்தயத்தில் இறக்காமலும், வெயிலேறுமுன் காலைப்பொழுதிலேயே பழக்கியும் காத்தல் வேண்டும். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லையன்றோ?

“பசித்த பிள்ளைகள் இருக்க நாய்க்கு விளையாட்டா?” என்று சிலர் வினவுவர். நேர்மையான வினா, விடை கூறக் கடமைப்பட்டிருக்கின்றோம். தெருநாய்களைக் கொல்வதில்லை என்ற கொள்கையை இலங்கை அரசு 2006ஆம் ஆண்டில் மேற்கொண்டது. கொல்வதை விட்டால் மாத்திரம் போதாது. தடுப்பூசி போடவும் கருத்தடை செய்யவும் யாரேனும் ஒருவர் அந்நாயைத் தம்முடையதென்று எண்ணவேண்டும். விசர்நாய்க்கடியால் முதலிலே வருந்துவது காலில் செருப்பின்றித் தெருவில் நடக்கும் ஏழைப்பிள்ளையே. பெயர் சொல்லி அழைத்தால் ஓடிவரும் நாய்க்கு ஊசி போடுவது எளிது. கல்லெறிக்கு அஞ்சி ஓடும் நாயை யார் பிடிப்பது? நாயோடு விளையாடும் ஊர் பிள்ளையையுங் காக்கும்.

இனி, ஆசிரியத்தொழில் புரிவோன் என்ற முறையில் ஒன்று சொல்லவேண்டும். பள்ளிகளில் உடற்றண்டனை கூடாதென்று கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டிலும் 2016ஆம் ஆண்டிலும் சுற்றறிக்கை விடுத்தது. ஆயினும் பிரம்பில்லாமல் வகுப்பை நடத்துவது எப்படி என்று கேட்கும் ஆசிரியர் இன்றும் உளர். பிள்ளையை நாயோடு ஒப்பிடுகின்றேன் என்று எவருஞ் சினங்கொள்ள வேண்டா. பேச்சறியாத ஒரு பிராணி அடியில்லாமல் இத்துணை நுட்பமான வித்தையைக் கற்குமாயின், பேச்சறிந்த பிள்ளைக்கு அடி எதற்கு என்பதே என் வினா. பாடம் நுழையாதபோது அதனைச் சிறு கூறுகளாகப் பகுப்பது ஆசிரியன் கடன். பிரம்போ அக்கடனிலிருந்து அவனை விடுவித்துவிடுகின்றது. அதுவே பிரம்பின் பெருங்குற்றம்.

குட்டை நாயின் அளவுக்குத் தடையை இறக்குவதனால் அவ்வணி வேகம் இழப்பதில்லை. நெட்டை நாய்களும் தாழ்ந்த தடையை விரைந்து கடக்கின்றன. நம் வகுப்புகளிலும் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளையை எண்ணிப் பாடத்தை அமைத்துப் பார்ப்போம். பேராதனையில் நாய்கள் பந்துக்கு ஓடும் நாள் வரினும் வாராதொழியினும், அதனை நாளைக் காலையிலேயே தொடங்கலாம்.