வழித்துணைக்கு ஓர் இடம்



நெடுவழிக்குத் துணை வேண்டும் என்பர் நம் முன்னோர். அமெரிக்க நாட்டில் நாட்கணக்காகத் தனித்து லாரி ஓட்டுவோருள் பலர் நாயையே துணையாகக் கொள்கின்றனர். எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1960ஆம் ஆண்டில் சார்லி என்னும் முதிய நாயை அருகில் அமர்த்திக்கொண்டு, தம் சிறு லாரியில் அந்நாட்டைச் சுற்றிவந்தார். 1962இல் அப்பயணத்தை நூலாக்கினார்.

பெரிய நாய்க்கு இருக்கை போதாது. தளர்ந்த நாயால் அதன்மேல் ஏறவும் இயலாது. ஆகவே சிலர் ஓட்டுநருக்கு அடுத்த இருக்கையையே கழற்றிவிட்டு, அவ்விடத்தில் படுக்கை விரிக்கின்றனர். எண்ணம் நல்லதே. ஆனால், இருக்கையோடு அதன் பாதுகாப்பும் போய்விடுகின்றது அன்றோ? மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி எதிலேனும் மோதி நின்றால், உள்ளே கட்டப்படாதிருக்கும் உயிர் அதே வேகத்தில் முன்னே எறியப்படும். ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு அது ஒப்பாகும். நாய் மடியலாம், ஓட்டுநரும் காயமுறலாம்.

எனவே, தரையோடு அசையாதவாறு பிணைத்த உறுதியான கூண்டிலேயே நாயை வைத்தல் வேண்டும். புதிய வண்டிகளின் இருக்கைக்கு அடியில் காற்றுப்பை அமைப்பைச் சார்ந்த மின்கம்பிகளும் உண்டு. ஆதலால் அப்பணியைத் தேர்ந்த மெக்கானிக்கிடமே ஒப்படைப்பது நன்று. கழற்றிய இருக்கையையும் பத்திரப்படுத்துக. மனைவியோ பிள்ளையோ உடன்வர விரும்பும் நாளில் அவர்களுக்கும் இடம் வேண்டுமே!

இடம் ஒதுக்குவது அன்பின் தொடக்கம். அவ்விடத்தில் ஊறு நேராது காப்பதே அதன் நிறைவு.