வேகமும் விவேகமும்

இம்மாதம் நாம் கூற விழைவது இங்கிலாந்தின் லர்ச்சர் நாயைப் பற்றி. அது தனிச்சாதியன்று, கலப்பினம். மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் பாயவல்லது கிரேஹவுண்டு. ஆயினும் அதன் மெல்லிய தோல் முட்புதரில் எளிதிற் கிழியும். நெடுநேரம் ஓடவும் இயலாது. ஆகவே ஏழை மக்கள், குழிமுயல் பிடித்து உலைக்குச் சேர்க்க, அதனோடு இடையரின் கோலி நாயைக் கலந்தனர். கோலி அறிவும் கீழ்ப்படிதலும் தந்தது. முக்கால் பங்கு கிரேஹவுண்டு, கால் பங்கு கோலி என்னும் கலப்பைப் பலர் விரும்புவர். கிரேஹவுண்டின் பங்கு மிகுந்தால் வேகம் மிகும், விவேகம் குறையும்.

இன்றோ, வேட்டைக்கு உதவாதெனக் கைவிடப்பட்டு அங்குள்ள காப்பகங்களை அடையும் லர்ச்சர்கள் பல. ஓடிய காலத்தில் உணவு தந்த நாய்க்கு, ஓய்ந்த காலத்தில் ஒருபிடி சோறிட வேண்டாவா? நாய் வளர்க்க விழையும் நாமும் இதனை முன்னரே எண்ணுவோமாக.